இடுப்பில் கல் கட்டி

எனக்கு நன்றாக நீந்த வரும். இதைத் தன்னடக்கம் இல்லாமலே சொல்கிறேன். திருகோணமலையில் வளர்ந்துவிட்டு, கடற்கரைக்கு வந்து கால் மட்டும் நனைத்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வருடம் தவறாமல் என்னோடு கடலோரக் குகைகளுக்கு வருகிற என் தோழிக்கு நீந்தவே தெரியாது. இதை நான் அறிந்துகொண்டது ஒரு குகைக்குள் வைத்து. வெளியேறும் வழியில் தண்ணீர் அவருடைய தலைக்கு மேல் ஏறிவிட்ட பிறகு.

நாங்கள் இருவரும் நகரத்தில் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். நான் விஞ்ஞானம், அவர் கணிதம். என் வீடு அன்புவழிபுரத்தில், அவருடையது கிண்ணியாவில். நான் அவரை டீச்சர் என்பேன், அவரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நெருக்கம் எங்களுக்குள் வந்து பல காலமாகிவிட்டது. வந்த பிறகும் வாய் பழகவில்லை.

திருகோணமலையில் மலைப்பிளவு என்றால் எல்லோரும் கோயில் மலையில் இருக்கும் அந்த ஒரு வெட்டைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். பார்த்து, கும்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்தக் கரையில் பாறை எங்கெல்லாம் கடலுக்குள் கால் நீட்டுகிறதோ அங்கெல்லாம் வெடிப்பும் இடுக்கும் பொந்தும் இருக்கின்றன. சிலவற்றுக்குள் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். சிலவற்றுக்குள் ஒரு வகுப்பையே கொண்டுபோய் இருத்தலாம். நான் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் போகிறவள். என் கணவர் இதை விசர் வேலை என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் அவரிடம் நான் அபிப்பிராயம் கேட்கவில்லை.

ஒருநாள் பரீட்சை மேற்பார்வை முடிந்து விடைத்தாள் கட்டிக்கொண்டிருந்தபோது, என் தொலைபேசியில் கிடந்த குகைப் படமொன்றை அவர் பார்த்துவிட்டார். "இது எங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அடுத்த லீவுக்கு நானும் வாறன்" என்றார். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? கிண்ணியா ஆட்கள் தண்ணீரிலேயே பிறந்தவர்கள் என்று நகரத்தில் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவரும் சின்ன வயதில் ஊரின் உப்புநீர்க் களப்பில் மட்டி எடுத்த கதைகளை ஓயாமல் சொல்வார். மட்டி சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் சிப்பி. கண்ணால் தேட ஏலாது, உள்ளங்காலால் சேற்றைத் தடவிக்கொண்டே போக வேண்டும். காலுக்குத் தட்டுப்பட்டால் விரலால் கவ்வித் தூக்கி, இடுப்பில் கட்டிய பைக்குள் போட வேண்டும். நெஞ்சளவு தண்ணீரில் பள்ளிக்கூட விடுமுறை முழுவதும் நின்றதாகச் சொல்கிற ஒருவரிடம் உங்களுக்கு நீந்தத் தெரியுமா என்று எந்தப் புத்திசாலி கேட்பாள்?

அன்றிலிருந்து ஒவ்வொரு ஓகஸ்ட் விடுமுறைக்கும் போகிறோம். அதுதான் அதற்குரிய காலம். கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கிழக்குக் கரை முழுவதும் கடல் அடங்கிக் கிடக்கும். காலையில் போய், மதியம் காற்றுத் திரும்பிக் கடலிலிருந்து வீசத் தொடங்குவதற்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். இது நான் போட்ட சட்டம். இந்தக் கதை நடந்த அன்றைக்கு அதை மீறியதும் நான்தான்.

இடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த விடுமுறைக்கு அங்கே ஐஸ்கிறீம் வான் வந்து நிற்கும். நிலாவெளி பஸ்ஸில் ஏறி, நிலாவெளிக்கு முன்னாலேயே இறங்கி, பற்றைக் காட்டுக்குள்ளால் நடந்தால் ஒரு பாறைமுனை வரும் என்பது போதும். அந்த முனையில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. மேலே நின்று பார்த்தால் ஆழத்தில் பச்சைத் தண்ணீர் மின்னும், ஆனால் இறங்க வழியில்லை. கடல் பக்கமாகச் சுற்றிப் போய், தண்ணீருக்குள் இறங்கி, ஒரு வாசல்வழியாக உள்ளே போக வேண்டும். வாசலில் ஒரு குழி. உள்ளே போகும்போது அந்தக் குழியில் எனக்கு நெஞ்சளவு, என்னைவிடக் குட்டையான அவருக்குக் கழுத்தளவு.

நான் எப்போதும்போல நீந்திப் போய்விட்டேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக வந்தார். எந்தக் குகைக்கும் அவர் அப்படித்தான் வருவார். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து வருவார்.

"என்ன டீச்சர், அடியில மட்டி தேடுறீங்களோ?" என்று உள்ளிருந்து கத்தினேன்.

"கெடச்சா உங்களுக்குத் தரமாட்டன்" என்று பதில் வந்தது.

உள்ளே நல்ல விசாலம். வெடிப்பின் வழியே மேலிருந்து வெளிச்சம் ஒரு கீலமாக இறங்கியது. உழவாரக் குருவிகள் அதன் வழியாக உள்ளே வருவதும் வெளியே பாய்வதுமாக இருந்தன. தண்ணீருக்குச் சற்று மேலே, இரண்டு பேர் வசதியாக இருக்கக்கூடிய ஒரு கல்மேடை. அதன் பின்னால் ஒரு பொந்து. தவழ்ந்து போனால் இன்னோர் அறை. அதன் தரையில் காய்ந்த மணல், எங்கிருந்தோ அடித்து வந்த ஒரு வலை மிதப்பு, முன்பு யாரும் வந்து போனதற்கு ஒரு அடையாளமும் இல்லை. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. அந்த அறையைக் கண்டுபிடித்தது நான் என்று நான் சொல்ல, பொந்தை முதலில் கண்டது தான் என்று அவர் சொல்ல, கொண்டுபோன மீன் வைத்த மாலுபாண் முடியும்வரை அந்த வழக்கு நடந்தது. பிளாஸ்கில் இருந்த பிளேன்ரீயும் முடிந்தது. அதற்குப் பிறகும் இருந்தோம். பாடசாலைக் கதை, அதிபர் கதை, அவருடைய மகளின் கதை. நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

பொந்தால் திரும்பி வந்தபோது குகையின் சத்தமே மாறியிருந்தது. காலையில் சிணுங்கிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது வாசலில் அறைந்துகொண்டிருந்தது. காற்றுத் திரும்பிவிட்டது. எங்கள் கடலில் பெருக்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, முழங்காலளவுதான் ஏறும். ஆனால் கழுத்தளவுக்கு மேல் முழங்காலளவு ஏறினால் என்ன ஆகும் என்று கணக்கு டீச்சருக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அதோடு அலை வேறு.

எனக்குப் பயமில்லை. வாசல் கண் முன்னால் தெரிந்தது. இரண்டு அலைக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு நாலு வீச்சு நீந்தினால் வெளியே. நான் மேடையிலிருந்து இறங்கினேன்.

"வாங்கோ டீச்சர், கெதியா. நான் முன்னால போறன், பின்னால நீந்தி வாங்கோ."

அவர் இறங்கவில்லை. தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபின் முடிச்சை இன்னும் இறுக்கினார்.

"எனக்கு நீந்தத் தெரியா, டீச்சர்."

"பகிடி விடாதேங்கோ."

"பகிடி இல்ல. எங்கட களப்புல நாங்க நடக்கிற. நீந்துற இல்ல."

நான் தண்ணீருக்குள் நின்றபடியே அவரைப் பார்த்தேன். எத்தனை குகை, எத்தனை இடுக்கு, எத்தனை வருடம்! ஒவ்வொன்றிலும் அவர் சுவரோடு ஒட்டி ஊர்ந்து வந்ததெல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அடக்க முடியாத கோபம் வந்தது. ஆனால் கோபப்படுவதற்கு அது இடமில்லை. மேடைக்குப் பின்னால் சுவரைப் பார்த்தேன். பச்சைப் பாசி எங்கள் தோள் உயரம்வரை படிந்திருந்தது. காற்று இன்னும் எழும்பினால் அலை அதுவரை வரும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். உட்கார்ந்து காத்திருக்க அது இடமில்லை. உள்ளறைக்குள் போய்ப் பதுங்கலாம் என்றால், அந்த மிதப்பை அங்கே கொண்டுவந்து போட்டதும் இதே கடல்தான்.

"நீங்கள் மேல ஏறி நில்லுங்கோ. நான் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன். அங்கால மீன்பிடிக்காரரின்ர வாடி இருக்கு, கயிறு வைச்சிருப்பினம்" என்றேன்.

"போய் வர எவ்வளவு நேரம்?"

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். பாறை தாண்டிப் போய் வருவதற்குள் தண்ணீர் எங்கே நிற்கும் என்று அவருக்கும் தெரிந்தது.

"அதோட, ஆக்கள் வந்தா இதுதான் கடைசி. வீட்ட கேள்விப்பட்டா என்னெ ஒரு இடத்துக்கும் விடமாட்டாங்க."

"உயிர் போனாலும்தான் விடமாட்டினம்!" என்று கத்தினேன். குகை அதைத் திரும்பவும் ஒருமுறை சொன்னது.

சரி, என் தோளைப் பிடியுங்கள், இழுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். அதற்கும் மாட்டேன் என்று தலையாட்டினார். "பயந்தா நான் பிடிச்ச பிடிய விடமாட்டன். என்னெ எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் போயிருவம்." அதை அவர் மிக அமைதியாகச் சொன்னார். வகுப்பில் ஒரு கணக்கு ஏன் பிழைத்தது என்று விளக்குகிற அதே குரல்.

பிறகு, கொண்டுவந்த சாப்பாட்டுத் துணிப்பையை என்னிடம் நீட்டினார்.

"இதுக்குள்ள கல்லு போடுங்க."

"என்ன?"

"நெஞ்சுக்கு மேல தண்ணி வந்தா கால் கெளம்பிரும். கெளம்பினா நான் முடிஞ்சன். மட்டி நெறஞ்ச பை இடுப்பில கெடந்தா கால் கெளம்பாது. நெலத்துல நிக்கும். நின்டா நான் நடந்திருவன்."

"நீந்தத் தெரியாத ஆள் இடுப்பில கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள்ள இறங்கிறதுக்கு ஊரில வேற பேர் இருக்கு, டீச்சர்!"

அவர் சிரித்தார். அந்த இடத்தில், அந்த நேரத்தில், என் தோழி பல் தெரியச் சிரித்தார். "மேலுதைப்பு நீங்கதானே படிப்பிக்கிற?" என்று கேட்டார்.

நான் படிப்பிக்கிறதுதான், தண்ணீர் பொருளை மேலே தள்ளுகிற விசை. ஆனால் நீந்துகிற எவருக்கும் இந்த யோசனை தலைகீழானது. தண்ணீரில் பாரத்தை எறி, மேலே வா, மித. என் உடம்பு அறிந்தது அவ்வளவுதான். அவருடைய உடம்புக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்தது நிலத்தைக் காலால் பிடிப்பது மட்டும். அந்த நிமிடத்தில் நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. என் வழியில் அவரை இழுத்தால் அவர் பயப்படுவார். அவருடைய வழியில் விட்டால் பயப்படப்போவது நான். நான் பயப்படுவதுதான் மலிவு என்று தீர்மானித்தேன்.

"எங்க நடப்பீங்கள்? கீழ என்ன கிடக்கெண்டு தெரியுமோ?"

"வரக்குள்ள பாத்தன்தானே. சுவரோட மணல். பிறகு ஒரு உருண்டைக் கல்லு, வழுக்கும், அதுல ஏறப்படா, சுத்திப் போகணும். பிறகு குழி. குழிக்கு அங்கால நீட்டுக் கல்லு ஒன்டு கெடக்கு. அதுல ஏறினா தல வெளிய வரும். குழிதான் கஷ்டம். நாலஞ்சு எட்டு வைக்கணும்."

அவர் ‘பாத்தன்’ என்றது கண்ணால் அல்ல. நான் அதே வழியாகத்தான் உள்ளே வந்தேன், கீழே மணலா கல்லா என்று என்னைக் கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது.

கல் பொறுக்கினேன். அவர் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பாரம் பார்த்து, இரண்டைத் திருப்பி எறிந்தார். பையை இடுப்பில் கட்டும்போது மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் போட்ட முடிச்சை அவிழ்த்து, ஒரு இழுப்பில் கழன்றுவிடுகிற முடிச்சாக நானே போட்டேன். நுனியை அவருடைய வலது கையில் கொடுத்து, மூன்று தரம் இழுத்துக் கழற்றிக் காட்டச் செய்தேன். கடைசித் தரம், "போதும் டீச்சர், நான் ஓ.எல். சோதின பாஸ் பண்ணின ஆள்" என்றார்.

நான் முதலில் நீந்தி வாசலுக்குப் போனேன். பாறையில் முதுகைச் சாய்த்து, காலை எதிர்ச் சுவரில் ஊன்றி நின்றேன். ஒரு கண் கடலில், ஒரு கண் அவரில். அலைகள் கூட்டமாக வரும், வந்து ஓய்ந்து சற்று மூச்சு விடும். அந்த ஓய்வைப் பிடிப்பது என் வேலை. அது எனக்குத் தெரிந்த வேலை. ஒரு கூட்டம் வந்து குகையை அறைந்து போகும்வரை காத்திருந்தேன்.

"இப்ப!"

அவர் மேடையிலிருந்து இறங்கினார். இடுப்பு. நெஞ்சு. கழுத்து. மணலைத் தாண்டினார், உருண்டைக் கல்லைச் சுற்றினார். வாயை மேலே தூக்கி மூச்சை இழுத்துக்கொண்டார். பிறகு தலை தண்ணீருக்குள் போய்விட்டது.

நான் இதுவரை பார்த்ததில் மிக நீளமானது அந்த நேரம்தான். கலங்கிய தண்ணீருக்குள் ஸ்கார்ஃபின் நீலம் மட்டும் தெரிந்தது. அது மிதக்கவில்லை, தத்தளிக்கவில்லை, மெல்ல மெல்ல என்னை நோக்கி வந்தது. நடந்து வந்தது. நீருக்கடியில் ஒரு மனுசி கடைக்குப் போகிறதுபோல நடந்து வந்ததை நான் கண்டேன். நடுவில் ஒருமுறை நிலத்தை உதைத்து எழும்பி, வாயளவு மேலே வந்து, ஒரு மூச்சுப் பிடித்துக்கொண்டு மறுபடி போனார். அப்போதுதான் நீலம் நின்றது. அசையாமல் நின்றது.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பாய்ந்து கையை நீட்டி, அகப்பட்ட தோளைப் பிடித்தேன். கீழேயிருந்து ஒரு கை வந்து என் கையைத் தட்டிவிட்டது. சாதாரணத் தட்டல் இல்லை, அடி. அடுத்த கணம் அவர் நீட்டுக் கல்லில் ஏறி, தோள்வரை தண்ணீருக்கு வெளியே நின்று இருமினார்.

"தொட வேணாம்!" இருமலுக்கு நடுவே சத்தம் போட்டார். "காலால கல்லத் தேடிட்டு இரிந்தன்... நீங்க வந்து..."

அதைச் சொல்லி முடிக்கவில்லை. அடுத்த கூட்டத்தின் முதல் அலை என் முதுகுக்குப் பின்னால் எழும்பியது. "முடிச்சு!" என்று கத்தினேன். அவர் நுனியை இழுத்தார், பை கல்லோடு கீழே போனது, அலை எங்கள் இருவரையும் தூக்கிச் சுவரில் தேய்த்தது. இந்தத் தரம் அவர் என் சட்டையைப் பிடித்தார், நான் அவரைப் பிடித்தேன். அலை திரும்பிப் போகிற இழுவையோடு, வாசலுக்கு வெளியே, வெயிலுக்குள், பாறையின் மேல் வந்து விழுந்தோம்.

அவருடைய முழங்கால் உரிந்திருந்தது, என் முழங்கை உரிந்திருந்தது. அவருடைய கைகள் நடுங்கக்கூட இல்லை. அதைக் கண்டதும்தான் அதுவரை அடக்கி வைத்திருந்த கோபம் முழுவதும் வெளியே வந்தது.

"ஏன் சொல்லேல்ல? இவ்வளவு வருசமா ஏன் ஒருநாளும் சொல்லேல்ல?"

"நீங்க கேக்கல்லயே."

"கேக்காட்டிச் சொல்ல ஏலாதோ? பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஆள்தானே நீங்கள்? செத்துப் போயிருந்தா உங்கட மகளுக்கு நான் என்ன சொல்லியிருப்பன்?"

அவர் ஸ்கார்ஃபை அவிழ்க்காமலே அதன் நுனியைப் பிழிந்தார். உப்புத் தண்ணீர் பாறையில் வடிந்தது.

"சொல்லியிருந்தா என்னெக் கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். பொய் சொல்லியிருக்கலாம், அவருக்கும் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இல்லை" என்றேன்.

"தெரியும். பைகளப் பாத்துக்கிட்டு இந்தக் கல்லுல இரிங்க டீச்சர் என்டிருப்பீங்க. நானும் இரிந்திருப்பன். நீங்க வெளிய வந்து உள்ளுக்க என்ன இரிந்திச்சு என்டு சொல்லியிருப்பீங்க." உரிந்த முழங்காலை ஊதிக்கொண்டார். "எனக்குக் கேக்க விருப்பமில்ல. எனக்குப் பாக்கணும்."

நான்தான் பிழை என்று மனதுக்குள் ஒத்துக்கொண்டேன். இது எனக்கு அடிக்கடி நடக்கிற விசயம் இல்லை.

கடலில் காற்று நன்றாக ஏறிவிட்டது. வாசலுக்குள் அலை புகும் சத்தம் பாறையின் கீழால் எங்களுக்குக் கேட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, எழும்ப வேண்டும். ஆனால் அவர் எழும்பவில்லை. என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தபடி, இவ்வளவு நேரமும் குரலில் இருந்த பகிடி முழுவதும் போய், மெல்லக் கேட்டார்.

"இப்ப தெரிஞ்சிட்டு. இனிக் கூட்டிட்டுப் போவீங்களா?"

தண்ணீருக்குள் தலை மூழ்கியபோதுகூட நடுங்காத கைகள் மடியில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. இத்தனை வருடமும் இவர் பயந்துகொண்டிருந்தது என்னுடைய இந்தப் பதிலுக்குத்தான் என்று அப்போது விளங்கியது.

"ஓம்" என்றேன்.